பழைய வீட்டில் ஜெனரேட்டர்: என் அனுபவம்

2016 டிசம்பரில் வர்தா புயலுக்குப் பின் இருளில் கிடந்த நாட்களை மனத்தில் வைத்து, மேற்கு மாம்பலத்தில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்கு மும்முனை டீசல் ஜெனரேட்டர் பொருத்தினோம். அதை இயக்கும்போதெல்லாம் அதன் ஆர்.சி.சி.பி. (போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி) டிரிப் ஆனது. சோதித்தபோது, வீட்டை மின்வாரிய இணைப்பிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச், மின்சாரம் வரும் மூன்று ஃபேஸ் கம்பிகளை மட்டுமே மாற்றுவதும், மின்னோட்டம் திரும்பும் கம்பியான மின்வாரிய நியூட்ரலோடு ஜெனரேட்டரின் நியூட்ரல் இணைந்தே இருப்பதால் திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி எர்த் வழியாகப் பிரிந்து செல்வதும் தெரிந்தது. நியூட்ரலையும் சேர்த்துத் துண்டிக்கும் ஃபோர் போல் சுவிட்சைப் பொருத்திய பின் டிரிப் நின்றது; மின்கம்பத்தில் வேலை செய்யும் ஊழியருக்கு எங்கள் வீட்டு நியூட்ரல் வழியாக மின்சாரம் போய் ஆபத்து வராது என்பதே எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி. வீடுகள் நெருங்கி நிற்கும் தெரு என்பதால், மணமற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு அண்டை வீட்டு ஜன்னலுக்குள் போகாதவாறு புகைக்குழாயை மொட்டைமாடிக்கு மேல் உயர்த்தினோம்.