தேக்குத் தோட்டத்தில் காசு கரையும் இடங்கள்

பதினைந்து ஆண்டு ஆகியும் கம்பு கம்பாகவே நிற்கும் தேக்குத் தோட்டங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. கன்றையும் உரத்தையும் குறை சொல்வார்கள். பெரும்பாலும் உண்மைக் காரணம் வேறு: வெட்ட வேண்டிய நேரத்தில் வெட்ட மனம் வரவில்லை.

2 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 1,000 மரம். முதல் சில ஆண்டுகளுக்கு இந்த நெருக்கம் நல்லதுதான். மரங்கள் வெளிச்சம் தேடி நேராக உயரும். நாலைந்தாம் ஆண்டில் கிளைகள் கோத்துக்கொண்டதும் அதுவே பகையாகிவிடும். தேக்கு நிழல் தாங்காது. உயரம் கூடும், அடிமரம் பருக்காது. அப்போது ஒன்றுவிட்டு ஒரு மூலைவிட்ட வரிசையை எடுத்து 500 ஆக்குங்கள். எட்டிலிருந்து பத்தாம் ஆண்டுக்குள் 250 அளவுக்குக் குறையுங்கள். இந்த இரண்டாம் சுற்றில்தான் பெருந்தவறு நடக்கிறது: விலை கிடைக்கிறதென்று பருத்த மரங்களை விற்றுவிட்டு நோஞ்சான்களை விட்டுவைப்பது. போக வேண்டியவை கோணல் மரம், கவை விழுந்த மரம், பக்கத்து மரத்துக்குக் கீழே அடங்கிப்போன மரம். வெட்டிய தூரில் வேகமாகத் துளிர் வரும். அதையும் கிள்ளிவிட வேண்டும்.

கவாத்தை, அதாவது கிளை கழிப்பதை, அரிவாளால் செய்யாதீர்கள். பட்டை கிழிந்து காயம் ஆறாது. கிளை விரல் பருமனில் இருக்கும்போதே ரம்பத்தால், கிளையடியில் தடித்திருக்கும் வளையத்தை ஒட்டி அதற்கு வெளியே அறுக்க வேண்டும். சாண் நீளத்துக்குக் கிளைத்துண்டை விட்டால் அது காய்ந்து, வளரும் மரத்துக்குள் புதைந்து, பலகையில் ஓட்டை முடிச்சாக விழும். தடித்த கிளையென்றால் ஒரு அடி தள்ளி முதலில் அடியிலிருந்து கொஞ்சம், பிறகு மேலிருந்து முழுதாக அறுத்துப் பாரத்தை இறக்கிவிட்டு, மிச்சத்தை வளையத்தருகே எடுங்கள். மர உயரத்தில் பாதிக்கு மேல் கிளையைக் கழிக்கக் கூடாது. இலை போனால் பருமனும் போகும்.

தண்ணீர் தேங்கும் களிமண்ணில் தேக்கே வேண்டாம். வேர் மூச்சுமுட்டி நுனி காயும். பத்தே ஆண்டில் லட்சங்கள் என்ற விளம்பரத்தையும் நம்ப வேண்டாம். இளமரத்தில் வைரம் (நடுவிலுள்ள கெட்டியான கட்டை) குறைவு, வெளிப்புற வெள்ளைக் கட்டை அதிகம், அதைக் கரையான் விடாது.

விற்க நினைத்ததும் முதலில் போக வேண்டிய இடம் வனச்சரக அலுவலகம். சொந்தப் பட்டா நிலமானாலும், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியில் தமிழ்நாட்டின் 1955ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். கட்டையைச் சாலையில் ஏற்றுவதற்குத் தனியே 1968ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகள் இருக்கின்றன. மரத்தைச் சாய்த்த பிறகு தாளைத் தேடி அலையாதீர்கள்.

ஒரே பக்கத்திலிருந்து அறுத்துச் சாய்த்தால் அடிமரம் நெடுக்காகப் பிளக்கும். விலைமதிப்புள்ள முதல் பத்தடி வீண், ஆளுக்கும் ஆபத்து. விழ வேண்டிய பக்கத்தில் விட்டத்தில் நாலில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஆப்பு வடிவில் வெட்டி எடுத்துவிட்டு, எதிர்ப்பக்கத்தில் சற்று மேலே அறுத்து வாருங்கள். நடுவில் பத்தில் ஒரு பங்கைக் கீல்போல விட வேண்டும்.

கடைசி இழப்பு டேப்பில். கட்டையின் நடுவில் சுற்றளவை (நடுச்சுற்று) அங்குலத்தில் எடுத்து நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, அடிக்கணக்கிலான நீளத்தால் பெருக்கி, 144ஆல் வகுத்தால் கன அடி. நடுச்சுற்று 40 அங்குலம், நீளம் 10 அடி என்றால் 6.94 கன அடி. வட்டக் கணக்கில் உண்மைக் கனம் 8.84, இந்த முறையே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கழித்துத்தான் தருகிறது. அதற்கு மேல் சிறுத்த முனையில் டேப் பிடித்து 36 அங்குலம் என்று எழுதினால் 5.63 ஆகிவிடும். நான்கு அங்குலத்துக்கு 1.3 கன அடி போயிற்று! பட்டையோடு அளப்பதா, உரித்தா என்பதை விலை பேசும்போதே முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் எண் போட்டு, நீளமும் நடுச்சுற்றும் குறித்த தாளில் இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகே லாரியில் ஏற்ற விடுங்கள்.