இரவோடிரவா நுவரெலியாவுக்கு மோட்டச்சைக்கிளிலை கூட்டமாப் போறதெண்டால்

தம்பிமார், பின்னேரம் ஆறுக்கு யாழ்ப்பாணத்திலை வெளிக்கிட்டால் ஏ9 றோட்டாலை தம்புள்ளைக்குப் போக நள்ளிரவாகும். மாத்தளை, கண்டி தாண்டி றம்பொடை ஏத்தத்தை விடிஞ்சாப்பிறகு பிடியுங்கோ. அந்த மலையை இருட்டிலை ஏற நான் ஒருத்தரையும் விடமாட்டன்.

ஆகக் குறைஞ்ச எஞ்சின்காரன் முன்னுக்கு, அவன்ரை வேகம்தான் எல்லாருக்கும். அனுபவசாலி கடைசியிலை, பஞ்சர்ச் சாமானோடை. நேர் றோட்டிலை ஒருத்தன் வலம், பின்னாலை வாறவன் இடமெண்டு விலத்தி ஓடலாம், வளைவிலை ஒற்றை வரிசை. மதவாச்சி தாண்டினால் யானை றோட்டுக்கு வரும். கண்டால் தூரத்திலையே நில்லுங்கோ, கோன் அடிக்காதேங்கோ, எஞ்சினை நிப்பாட்டாதேங்கோ.

எங்கடை ஊர் தட்டை. சங்குப்பிட்டிப் பாலத்தை விட்டால் ஏத்தமெண்டு சொல்ல என்ன கிடக்கு? அதாலை எங்கடை பெடியளுக்கு இறக்கம்தான் கண்டம். பெற்றோல் மிச்சம் பிடிக்கிறனெண்டு நியூற்றலிலை விடுற ஆக்கள் இருக்கினம், அவையை நான் கூட்டிக்கொண்டு போறேல்லை. ஏறின கியரிலையே இறங்குங்கோ, எஞ்சின் இழுத்துப் பிடிக்கும். பிரேக்கை மிதிச்சபடியே வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். வேகத்தை வளைவுக்கு முன்னமே குறையுங்கோ. நடுக்கோட்டை ஒட்டாதேங்கோ, எதிரை வாற பஸ் அதை மதிக்காது.

பனிப்புகாருக்கை லைற்றைப் பதிச்சுப் போடுங்கோ, உயர்த்தினால் வெள்ளைச் சுவர்தான் தெரியும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். மழைக்கோட்டை பையின்ரை அடியிலை வைக்காதேங்கோ. ஜக்கெற் இல்லாதவன் சேட்டுக்குள்ளை பேப்பர் விரிச்சால் நெஞ்சிலை காத்து அடிக்காது.