மார்மன்காரர்களிடம் பெண்டாட்டிக் கணக்கு கேட்காதீர்கள், சாவி யாரிடம் என்று கேளுங்கள்

களியக்காவிளைப் பக்கம் பிறந்தவனுக்குச் சபைச் சண்டை ஒன்றும் புதிதில்லை. சிஎஸ்ஐ, இரட்சணிய சேனை, மலங்கரைக் கத்தோலிக்கர், அப்புறம் வீட்டு மாடியிலேயே நடக்கும் பெந்தெகொஸ்தே என்று எல்லாம் ஒரு நடையில் பார்த்துவிடலாம். ஆனாலும் பெங்களூரில் மாமி மகன் வீட்டுக்கு வெள்ளைச் சட்டை, டை, மார்பில் ‘எல்டர்’ என்று கறுப்பு வில்லை குத்திய இரண்டு மார்மன் ஊழியப் பையன்கள் வந்தபோது மாமி எடுத்த எடுப்பில் கேட்டது, “மக்களே, உங்க ஆளுகளுக்கு எத்தன பெண்டாட்டி?” மீசை சரியாக முளைக்காத அந்த எல்டர் சொன்னான்: “ஒண்ணுதான் ஆன்டி, அதுவே இன்னும் கிடைக்கல.”

இப்படிக் கேட்டால் பேச்சு அதோடு முடிந்தது. மார்மன் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித் செத்த பிறகு அதிகாரம் (அவர்கள் பேச்சில் ‘சாவி’) யாருக்குப் போனது என்று கேளுங்கள். கோதமங்கலத்தில் எங்கள் சித்தி மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அங்கே யாக்கோபாயக்காரர், ஆர்த்தடாக்ஸ்காரர் இரண்டு பேருக்கும் குர்பானா எனும் வழிபாடு ஒன்றுதான், தலைவர் அந்தியோக்கியா பாத்திரியர்க்கீஸா கோட்டயம் கத்தோலிக்கோஸா என்பதில்தான் சுப்ரீம் கோர்ட்டின் 2017 தீர்ப்பு வரை போனார்கள். அதே நூலைப் பிடித்தால் மார்மன் சிக்கலும் அவிழும்.

முதலில் இரண்டு தேதி மனதில் இருக்கட்டும். 1830இல் நியூயார்க் மாகாணத்தில் சபையைத் தொடங்கிய ஸ்மித், பலதார மணம் பற்றிய வெளிப்பாட்டை 1843 ஜூலை 12 அன்று இல்லினாய்ஸ் மாகாணத்து நாவூவில் எழுதவைத்தார். அது நெருக்கமானவர்களுக்குள்ளேயே சுற்றியது. அடுத்த வருஷம் ஜூன் 27இல் கார்த்தேஜ் சிறையில் ஒரு கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. அடுத்து யார் என்பது தெளிவாக இல்லை.

“பன்னிரண்டு அப்போஸ்தலருக்கு”, அதாவது சபையின் தலைமைக் குழுவுக்கு, என்று பதில் வந்தால் அவர் அந்தக் குழுவின் தலைவர் பிரிகாம் யங் பின்னால் யூட்டாவின் சால்ட் லேக் போன பெரிய சபைக்காரர். பலதார மணத்தை 1852இல் பகிரங்கமாக அறிவித்ததும் அவர்கள், 1890இல் அப்போதைய தலைவர் உட்ரஃபின் அறிக்கையால் நிறுத்தியதும் அவர்கள். இங்கேதான் கொஞ்சம் உட்கார்ந்து பேசவேண்டும். நிறுத்தியது கடவுளா அரசாங்கமா என்று கேளுங்கள். 1879இல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு பலதார மணத்துக்கு எதிராகப் போய், 1887 சட்டம் சபைச் சொத்திலேயே கைவைத்த பிறகு வந்த அறிக்கை அது. உயிரோடிருக்கும் தீர்க்கதரிசி, முந்தையவர் திறந்ததை மூடலாம் என்பது அவர்கள் கட்சி. 1890க்குப் பிறகும் சில கல்யாணங்கள் ரகசியமாக நடந்ததால் 1904இல் இன்னொரு அறிக்கை தேவைப்பட்டது. இன்று இரண்டாம் கல்யாணம் செய்தால் சபை நீக்கம்தான். ஆனால் மனைவியை இழந்தவர் ஆலயத்தில் இன்னொருத்தியோடும் நித்தியத்துக்கு முத்திரிக்கப்படலாம், அதாவது சாவுக்குப் பிறகும் நிலைக்கும் கல்யாணம் செய்யலாம், ஆக மறுமைக் கணக்கு இன்னும் மூடவில்லை. இதைக் கிண்டலாகக் கேட்காதீர்கள், அந்தச் சபைப் பெண்களில் பலருக்கே இது உறுத்தல்.

“அவர் மகனுக்கு” என்றால் மூன்றாம் ஜோசப் ஸ்மித்தின் வழி, 1860இல் திரண்டது. தலைமையகம் மிசௌரியில், 2001 முதல் ‘கிறிஸ்துவின் சமூகம்’ என்று பெயர். அப்பா பலதார மணம் செய்யவே இல்லை, எல்லாம் பிரிகாம் யங் வேலை என்று மகன் கடைசிவரை சாதித்தார். பிற்பாடு அவர்கள் பக்கத்து வரலாற்றாசிரியர்களே இறங்கிவந்தார்கள். 2014இல் சால்ட் லேக் சபை, ஸ்மித்துக்கு முப்பது நாற்பது மனைவிகள் இருந்திருக்கலாம் என்று தானே எழுதியது. அப்படியும் இல்லவே இல்லை என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. அவர்கள் வேதமான மார்மன் புத்தகத்தில் யாக்கோபு 2ஆம் அதிகாரத்தைத் திறக்கச் சொல்லுங்கள்: 27ஆம் வசனம் ஒரே மனைவி என்கிறது, 30ஆம் வசனம் ஆண்டவர் கட்டளையிட்டால் வேறு என்று ஒரு சந்து விடுகிறது. இரண்டு கட்சியும் அதே பக்கத்தில்தான் விரல் வைப்பார்கள்.

மூன்றாவது ஆள் “1886” என்பார். போலீசுக்குப் பயந்து ஒளிந்திருந்த சபைத் தலைவர் ஜான் டெய்லருக்கு அந்த வருஷம் வெளிப்பாடு வந்தது, பலதார மணத்தை விடாமல் காக்கச் சிலருக்கு அதிகாரம் கொடுத்தார், அதனால் 1890 அறிக்கை செல்லாது என்பது இவர்கள் வாதம். 1953இல் அரிசோனா எல்லையில் ஷார்ட் கிரீக் ஊரையே போலீஸ் வளைத்துப் பிடித்தது இவர்களைத்தான். சிறுமிகளைச் சீரழித்து 2011இல் ஆயுள் தண்டனை வாங்கிய வாரன் ஜெஃப்ஸ் இதில் ஒரு குழுவின் தலைவர். மற்றக் குழுக்களை அவர் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.

சரி, ஒரு நடைமுறை விஷயம். சால்ட் லேக் சபைக்காரர் வீட்டுக்கு வந்தால் சாயாவோ காப்பியோ நீட்டாதீர்கள், தொடமாட்டார்கள். மாமி போட்ட கட்டன் சாயா ஆறிப்போனது. “இதையும் அந்தத் தீர்க்கதரிசிதான் சொன்னாரா?” என்றாள். ஆமாம் ஆன்டி, 1833இல், முதலில் வெறும் அறிவுரையாக, பிறகு வந்த தலைவர்கள்தான் கட்டாயமாக்கினார்கள் என்றான் பெரியவன். “அப்போ அடுத்து வாறவரு குடிக்கச் சொன்னா குடிப்பியா மக்கா?” பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமி எலுமிச்சம்பழம் பிழிய எழுந்து போனாள்.