கடிவாளம் வாங்கும் முன் ஒரு நூலை எடுங்கள்

வெள்ளவத்தையில் இருந்து ஞாயிறு விடியலில் கிளம்பி, நகரத்துக்கு வெளியே ஒரு லாயத்தில் இருக்கும் பெட்டைக் குதிரையில் வயல்வரம்புப் பக்கம் சவாரி போவேன். போன வருடம் அவள் ஓயாமல் தலையை உதறினாள். "கடுமையான கடிவாளம் போடுங்கள், அடங்கிவிடும்" என்றார்கள். நான் வாயை அளந்தேன். வாய் 5 அங்குலம், உள்ளே இருந்த கடிவாளக் கம்பி 4½. இரண்டு உதட்டோரமும் நசுங்கிப் புண்ணாகியிருந்தன. புண் ஆறும்வரை ஏறவில்லை. சரியான அளவு மாட்டியபின் உதறல் நின்றது.

ஆகவே முதலில் அளவு. கம்பி படியும் இடத்தில் ஒரு தடித்த நூலை வாய்க்குக் குறுக்கே பிடித்து, இரு உதட்டோரத்திலும் முடிச்சுப் போடுங்கள். பக்கத்துக்கு 5 மில்லிமீட்டர் கூட்டுங்கள். அப்படியே மிருக வைத்தியரிடம் பல்லையும் காட்டிவிடுங்கள்.

முன்பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் நடுவே பல்லில்லாத ஈறு உண்டு. எலும்பின்மேல் மெல்லிய தோல்தான். கம்பி படிவது அங்கேயும் நாக்கின்மேலும்தான். ஒற்றை மூட்டுள்ள ஸ்னாஃபிள் (நெம்புகோல் கைகள் இல்லாத சாதாரணக் கடிவாளம்), வாரை இழுத்தால் பாக்குவெட்டிபோல மடிந்து நாக்கை நெரிக்கும். நடுவில் சிறு குமிழும் இரண்டு மூட்டும் உள்ளது நாக்கின்மேல் வளைந்து படியும். எனக்குப் பிடித்தது அதுதான், முட்டை வடிவ வளையத்தோடு. அந்த வளையம் உதட்டைக் கிள்ளாது. கம்பி தடித்தால் மென்மை என்பார்கள். அழுத்தம் பரவும், சரி. ஆனால் நாக்கு தடித்து அண்ணம் தாழ்ந்த வாயில் அதற்கு இடமேது? என் குதிரைக்கு 16 மில்லிமீட்டர் ஒத்துவரவில்லை, 14 பொருந்தியது.

நீண்ட கைகள் தொங்கும் கர்ப் கடிவாளம் நெம்புகோல். கம்பிக்கு மேலே 2 அங்குலமும் கீழே 6 அங்குலமும் இருந்தால், உங்கள் இழுவை தாடைக்கு அடியில் ஓடும் சங்கிலிப் பக்கம் சுமார் மூன்று மடங்காக இறுகும். திருப்பத்தில் திடீரென்று ஒரு ஆட்டோ ஹோர்ன் அடித்தால் குதிரை துள்ளும், நம் கை தன்னை அறியாமல் வாரைப் பற்றும். அந்த நொடியில் வாயில் இருப்பது மென்மையான கம்பியாக இருக்க வேண்டும். கை இன்னும் பழகாதவர்கள் கர்ப்பைத் தொடவே வேண்டாம்.

சேணத்துக்கு முதுகெலும்பின்மேல் காற்றோட்டம் வேண்டும். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் சேணத்துக்கும் முன்தோள் மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். வயிற்றுப் பட்டியை நடந்து பத்து நிமிடத்தில் மறுபடி பாருங்கள், தளர்ந்திருக்கும். நுவரெலியா மாதிரிச் சரிவுகளில் ஏறுவதென்றால் சேணம் பின்னால் வழுக்காமல் மார்புப் பட்டியும் போடுங்கள். கொழும்பு ஈரத்தில் தோல் வார்கள் சில நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கும். சவாரி முடிந்ததும் வியர்வையைத் துடைத்து, நிழலில் காற்றாட மாட்டுங்கள்.

கடிவாளத்துக்கு அடியில் ஒரு ஹால்டரையும் (வாய்க்குள் கம்பியில்லாத தலைப்பட்டி) மாட்டி, கையோடு ஒரு கயிற்றையும் கொண்டுபோங்கள். இளநீர் குடிக்க இறங்கினால் கயிற்றை ஹால்டரில் மாட்டிக் கட்டுங்கள். கடிவாள வாரில் கட்டிய குதிரை மிரண்டு இழுத்தால் கிழிவது அதன் வாய்.