ஒற்றைக் கியர் மவுண்டன் பைக்: கியர் விகிதத்தைத் தேர்வதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒற்றைக் கியர் மவுண்டன் பைக்கில் முன்னால் பெடலோடு சுற்றும் ஒரு பல்சக்கரம் (செயின்ரிங்), பின்னால் சக்கரத்தோடு சேர்ந்த ஒரு பல்சக்கரம் (காக்), இரண்டையும் இணைக்கும் ஒரு செயின், அவ்வளவுதான். ஏற்றம் வந்ததும் தட்டி மாற்றுவதற்கு லீவர் எதுவும் இல்லாததால், வீட்டில் உட்கார்ந்து நிதானமாக எடுத்த ஒரு முடிவு பாதையின் ஒவ்வொரு வளைவிலும் நம் காலோடு வருகிறது. அந்த முடிவைச் சரியாக எடுத்தவருக்கு இந்த வண்டி கொடுக்கும் ஆனந்தம் தனி. தவறாக எடுத்தவர்களில் பலர், வண்டியே தமக்குப் பொருந்தாது என்று இரண்டு மாதத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் குறை வண்டியிலும் இல்லை, காலிலும் இல்லை. பற்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

முதல் தவறு, சக்கரத்தின் அளவைப் பாராமல் விகிதத்தை மட்டும் பார்ப்பது. முன்னால் 32 பல், பின்னால் 16 பல், அதாவது இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கு நெடுங்காலமாக வாய்வழியாக வருகிறது. அது 26 அங்குலச் சக்கரங்கள் வழக்கில் இருந்த காலத்தின் கணக்கு. சக்கரத்தின் விட்டத்தை விகிதத்தால் பெருக்கினால் கிடைப்பதைக் கியர் அங்குலம் என்பார்கள். 26 அங்குலச் சக்கரத்தில் 32-16 என்பது 52 கியர் அங்குலம். அதே 32-16-ஐ 29 அங்குலச் சக்கரத்தில் போட்டால் 58 ஆகிவிடும். பாதையும் ஆளும் மாறாமல், கியர் மட்டும் ஏறத்தாழ 11 சதவீதம் கனமாகிவிடுகிறது. பழைய 52-க்கு நெருக்கமாக வர வேண்டுமானால் 27.5 அங்குலச் சக்கரத்துக்கு 32-17, 29 அங்குலச் சக்கரத்துக்கு 32-18 தேவை. இவையும் தொடக்கப் புள்ளிகளே தவிர, இறுதி விடை அல்ல.

டயரின் பருமனையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2.25 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 2.6 அங்குல டயரைப் போட்டால் சுற்றளவு இரண்டு சதவீதத்துக்கு மேல் கூடக்கூடும்; பின் காக்கில் கிட்டத்தட்ட அரைப் பல்லைக் குறைத்ததற்கு அது சமம். அட்டவணையை நம்புவதைவிட அளந்து பார்ப்பது நல்லது. டயரின் வால்வு தரைக்கு நேராக வரும் இடத்தில் ஒரு கோடு போட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தபடி சக்கரம் ஒரு சுற்று சுற்றும் வரை உருட்டி, மறுபடியும் வால்வு கீழே வரும் இடத்தில் இன்னொரு கோடு போட்டால், இடையிலுள்ள தூரமே உங்கள் சுற்றளவு. 29 அங்குலச் சக்கரத்தில் அது பெரும்பாலும் 2.3 மீட்டரை ஒட்டி இருக்கும். 32-18 விகிதத்தில் பெடலை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் வண்டி ஏறத்தாழ 4.1 மீட்டர் நகரும். 32-20 விகிதத்தில் 3.7 மீட்டர்.

இரண்டாவது தவறுதான் மிகுதியானவர்களைச் சாய்ப்பது: சமதளத்தில் ஓட்டிப் பார்த்துக் கியரைத் தேர்வது. வீட்டு வாசலிலிருந்து பாதை தொடங்கும் இடம்வரை தார்ச்சாலையில் போகும்போது, நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் 32-18 மணிக்கு 19 அல்லது 20 கிலோமீட்டர்தான் தரும். கியர் வண்டியில் வரும் நண்பர்கள் முந்திக்கொண்டு போவார்கள். அந்த ஏக்கத்தில் 32-16-க்கு மாறினால் சாலையில் 22 கிலோமீட்டர் கிடைக்கும், மனமும் நிறையும். அதற்கான விலையை முதல் செங்குத்தான ஏற்றத்தில் முழங்கால் கொடுக்கும்.

அந்த விலை எவ்வளவு என்பதைக் கணக்காகவே பார்க்கலாம். 72 கிலோ எடையுள்ள ஒருவர் 13 கிலோ வண்டியில், 29 அங்குலச் சக்கரமும் பெடலைத் தாங்கும் 175 மில்லிமீட்டர் தண்டும் (கிராங்க்) கொண்டு, 100 மீட்டருக்கு 15 மீட்டர் உயரும் மண்பாதையில் சீரான வேகத்தில் ஏறுகிறார் என்று கொள்வோம். மண்ணில் டயர் உருள்வதற்கான தடையையும் சேர்த்தால், 32-18 விகிதத்தில் பெடலின் மேல் சராசரியாக 53 கிலோ எடைக்கு இணையான அழுத்தம் வேண்டும். ஆனால் கிராங்க் நேர் மேலும் கீழுமாக நிற்கும் நொடியில் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. அந்த இழப்பையும் சேர்த்து ஈடுகட்ட, கிராங்க் படுக்கையாக வரும் நொடியில் சுமார் 84 கிலோ தேவைப்படுகிறது. ஏறுகிறவரின் எடையோ 72 கிலோதான். உடல் முழுவதையும் பெடலின் மேல் ஏற்றி நின்றாலும் போதாமல், மீதியை ஹேண்டில்பாரைப் பிடித்து இழுத்துத்தான் அவர் கொண்டுவர வேண்டும். பின்னால் 18-க்குப் பதில் 21 பல் இருந்தால் அந்த உச்ச அழுத்தம் 72 கிலோவாக இறங்குகிறது, அதாவது தன் எடையைப் பெடல்மேல் மாற்றி மாற்றி வைத்தே அவர் ஏறிவிடலாம். மூன்று பல் வித்தியாசம் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே கியரைத் தேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, நான் வழக்கமாகப் போகும் பாதையில் ஏற்றங்கள் எத்தனை நீளம், எத்தனை செங்குத்து என்பதுதான். அரை நிமிடத்தில் முடியும் குட்டி ஏற்றங்களாக இருந்தால் எழுந்து நின்று வேகத்தோடு கடந்துவிடலாம், கியர் சற்றுக் கனமாக இருக்கலாம். இருபது நிமிடம் இடைவிடாமல் ஏறும் பாதையில் அதே கியர் இடுப்பையும் முதுகையும் ஒருசேரச் சோர்வடையச் செய்யும். சாலை வேகத்துக்காக ஏற்றத்தைப் பலிகொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சாலையில் மெதுவாகப் போனால் நேரம் மட்டுமே கூடும். ஏற்றத்தில் நின்றுபோனால் இறங்கித் தள்ள வேண்டும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. பாதையில் உள்ள ஒரே ஒரு கொடிய ஏற்றத்தை மனத்தில் வைத்து, 32-22 போல மிக இலகுவான கியரைப் போட்டுவிடுவது. ஒற்றைக் கியர் வண்டி ஏறுவது காலின் பலத்தால் மட்டும் அல்ல. முந்தைய இறக்கத்தில் சேர்த்த வேகத்தையும் கொண்டுதான் ஏறுகிறது. ஏற்றத்தின் அடிவாரத்துக்கு வரும்போது சக்கரம் காலின் வேகத்தை மிஞ்சி ஓடத் தொடங்கிவிட்டால், அந்த வேகத்தோடு ஒரு மிதியைக்கூடச் சேர்க்க முடியாது. ஏற்றமும் இறக்கமும் அலை அலையாக வரும் பாதைகளில், ஒரு பல் கனமான கியர் ஏறுவதையே எளிதாக்கும் என்பது வியப்பாகத் தோன்றினாலும் உண்மை. அந்த ஒரே கொடிய ஏற்றத்தில் இறங்கித் தள்ளினால் குறைவொன்றும் இல்லை.

அடுத்தவரின் எண்ணைக் கேட்டு அப்படியே போட்டுக்கொள்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பந்தயத்தில் ஒன்றரை மணி நேரம் முழு மூச்சோடு ஓட்டுகிறவரின் கியர், விடுமுறை நாளில் ஐந்து மணி நேரம் ஓட்டுகிறவருக்குப் பொருந்தாது. அவருடைய எண்ணைக் கேட்டால், அவருடைய சக்கரம், எடை, பாதை மூன்றையும் சேர்த்தே கேளுங்கள்.

ஒரே ஒரு நாள் ஓட்டிவிட்டுத் தீர்ப்புச் சொல்வதும் தவறு. முதல் நாளில் எந்த ஒற்றைக் கியரும் கனமாகத்தான் தெரியும், ஏனென்றால் எழுந்து நின்று மிதிக்கும் பழக்கமும், வேகத்தைக் காப்பாற்றும் பழக்கமும் உடலுக்கு இன்னும் வந்திருக்காது. ஐந்தாறு முறை ஓட்டிய பிறகும் அதே இடத்தில் மூச்சு முட்டினால் அப்போது மாற்றலாம். முழங்காலின் முன்புறத்தில் வலி வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். உடனே கியரை இலகுவாக்குங்கள். கியர் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பின்னால் பல காக்குகள் அடுக்கிய கேசட்டில் 18 அல்லது 21 பல் உள்ள இடத்தில் செயினை நிறுத்தி, ஒரு நாள் முழுக்க லீவரைத் தொடாமல் ஓட்டிப் பாருங்கள். ஒரு காசும் செலவில்லாமல் பாதி விடை கிடைத்துவிடும்.

மாற்றும்போது பின் காக்கில் ஒரே ஒரு பல்லாக மாற்றுவது நல்லது. 18-லிருந்து 19-க்குப் போனால் கியர் ஐந்து சதவீதம் இலகுவாகும், அந்த வித்தியாசத்தைக் கால் தெளிவாக உணரும். செயின்ரிங்குகள் பெரும்பாலும் 30, 32, 34 என்று இரட்டைப் படையில் கிடைப்பதால் முன்னால் மாற்றினால் தாவல் ஆறு சதவீதத்தை ஒட்டிப் போய்விடும். இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தினால் இடைப்பட்ட எண்களும் கிடைக்கும்: 32-18 என்பது 1.78, 34-20 என்பது 1.70, 30-18 என்பது 1.67.

இனி, எண்ணைச் சரியாகத் தேர்ந்த பிறகும் மாட்டுவதில் நேரும் தவறுகள். செயினின் நீளத்தை மாற்றாமல் மொத்தப் பற்களில் ஒன்றைக் கூட்டினால் பின் அச்சு சுமார் 3 மில்லிமீட்டர் முன்னே வர வேண்டும். 18-லிருந்து 20-க்குப் போனால் 6 மில்லிமீட்டர். சட்டகத்தில் பின் அச்சு உட்காரும் பிளவான டிராப்அவுட்டில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்பதைக் காக் வாங்குவதற்கு முன்பே பாருங்கள். டிஸ்க் பிரேக்கின் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் அச்சோடு சேர்ந்து நகராத சட்டகமாக இருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் காலிப்பரையும் திருத்தி அமைக்க வேண்டியிருக்கும்.

அச்சை நகர்த்தவே முடியாத செங்குத்து டிராப்அவுட் உள்ள சட்டகத்தில், செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் என்ற கருவி இல்லாமலே செயின் சரியாக இறுகும் ஒரு விகிதம் தற்செயலாக அமைந்துவிடுவதுண்டு. எனக்கு ஒருமுறை 32-17-இல் அப்படி அமைந்தது. கியர் கொஞ்சம் கனம் என்று தெரிந்தும், செயின் இவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறதே என்பதற்காகவே அதை வைத்துக்கொண்டேன். சில வாரங்கள் கழித்து, வேர்கள் குறுக்கே கிடந்த ஓர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தபோது செயின் காக்கை விட்டுக் கழன்றது. வலது பெடல் வெறுமையாகக் கீழே போக, முழங்கால், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மில் மோதியது. செயின் 0.5 சதவீதம் தேய்ந்து நீண்டாலே, 100 கண்ணிகள் கொண்ட செயினில் அது 6 மில்லிமீட்டர் தளர்வு. அந்தத் தளர்வை வாங்கிக்கொள்ள அந்தச் சட்டகத்தில் வழியே இல்லை. செயினுக்காகக் கியரைத் தேராதீர்கள்; தேர்ந்த கியருக்கு ஏற்ற டென்ஷனரை வாங்கிப் பொருத்துங்கள்.

பழைய கேசட்டிலிருந்து பிரித்தெடுத்த காக்கையும் தவிருங்கள். அதன் பற்கள் செயின் எளிதில் தாவுவதற்காகவே குட்டையாகவும் சரிவாகவும் வெட்டப்பட்டவை. நமக்கு வேண்டியது செயினை விடாமல் பிடிக்கும் உயரமான பற்கள். அடிப்பகுதி அகலமான காக்காக இருந்தால், காக் உட்காரும் அலுமினிய ஃப்ரீஹப்பில் பள்ளம் விழுவதும் குறையும். கடைசியாக, செயினின் இறுக்கத்தை ஓரிடத்தில் மட்டும் பார்க்காமல் கிராங்கை மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். செயின்ரிங்குகள் நூற்றுக்கு நூறு வட்டமாக அமைவது அரிது, எங்காவது ஓரிடத்தில் செயின் விறைக்கும். அந்த இடத்தில் செயினின் நடுப்பகுதி விரலால் அழுத்தும்போது ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு மேலும் கீழும் அசையும்படி வைத்து, அதன் பிறகே அச்சை முறுக்குங்கள்.