தேடுபவர் கண்ணில் படும் தளம்: சிறு வணிகர்களுக்கான கூகுள் தேடல் வழிகாட்டி

கடைக்கென்று ஓர் இணையதளத்தை உருவாக்கியவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, கூகுளில் முதலிடம் பிடிக்க எவ்வளவு செலவாகும் என்பதைத்தான். அதற்கு முன்பே விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. நம் பக்கங்களை கூகுளால் படிக்க முடிகிறதா? படித்த பக்கத்தில், வாங்க நினைப்பவர் தெரிந்துகொள்ள விரும்பும் செய்தி இருக்கிறதா? இந்த இரண்டையும் சரிசெய்யாமல் விளம்பரத்துக்கும் முகவர்களுக்கும் பணம் கொடுக்கும் வணிகர்கள் ஏராளம். அந்தப் பணத்தின் பெரும்பகுதியை மிச்சப்படுத்தலாம் என்பதே இந்த வழிகாட்டியை எழுதக் காரணம். புவிசார் குறியீடு பெற்ற பவானி ஜமக்காளத்தை இணையத்தில் விற்க முனையும் ஒரு கடையை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன். பலகாரக் கடைக்கும் பயிற்சி மையத்துக்கும் இதே முறைகள் பொருந்தும்.

சாவி யார் கையில்?

டொமைன் பெயர், அதாவது தளத்தின் இணைய முகவரி, யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். தளத்தை வடிவமைத்துக் கொடுத்தவரே டொமைனையும், தளத்தின் கோப்புகளை வைத்திருக்கும் சேவையான ஹோஸ்டிங்கையும் தம் பெயரில் வாங்கி வைத்திருப்பது நம்மூரில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. அவரோடு தொடர்பு அறுந்த நாளில், பல ஆண்டுகளாகச் சேர்த்த தேடல் மதிப்பு முழுவதும் அந்தப் பெயரோடு போய்விடும். எனவே டொமைன், ஹோஸ்டிங், தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் சர்ச் கன்சோல், தேடலிலும் வரைபடத்திலும் கடையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் ஆகிய நான்கின் உரிமையும் கடைக்காரரின் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். வேலை செய்பவருக்கு அனுமதி மட்டும் கொடுத்தால் போதும்.

அடுத்து, சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, டொமைன் அமைப்புகளில் ஒரு டிஎன்எஸ் பதிவை (டொமைனோடு சேர்க்கும் ஒரு குறிப்பு வரி) இட்டு உரிமையை உறுதிசெய்யுங்கள். சர்ச் கன்சோல் கூகுள் இலவசமாகத் தரும் கருவி. எந்தக் கட்டணக் கருவியும் இதற்கு மாற்றாகாது, ஏனெனில் உங்கள் தளத்தைப் பற்றி கூகுளே நேரடியாகச் சொல்லும் தகவல் இங்குதான் கிடைக்கிறது. அதில் பக்கங்கள் என்ற அறிக்கையைத் திறந்தால், கூகுள் தேடலுக்காகச் சேர்த்து வைக்கும் பட்டியலான தேடல் அட்டவணையில் எத்தனை பக்கங்கள் ஏறியிருக்கின்றன, எவை எந்தக் காரணத்தால் விடுபட்டன என்பது தெரியும். வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் கட்டிய தளங்களில் அடிக்கடி காணப்படும் காரணம் ஒன்று உண்டு. தளத்தைக் கட்டிக்கொண்டிருக்கும்போது, தேடுபொறிகள் உள்ளே வர வேண்டாம் என்று வாசிப்பு அமைப்புகளில் ஒரு பெட்டியை டிக் செய்திருப்பார்கள். தளம் வெளியான பிறகு அதை எடுக்க மறந்திருப்பார்கள். அந்த ஒரு டிக் இருக்கும்வரை வேறு எந்த வேலை செய்தும் பயனில்லை.

தேடுபொறிகள் எங்கே வரலாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடுப்பதும் நோஇண்டெக்ஸ் என்று குறிப்பதும் ஒன்றே என்று பலர் நினைக்கிறார்கள். முன்னது பக்கத்தைப் படிக்கவே விடாது. பின்னது, படித்துவிட்டு அட்டவணையில் சேர்க்காதே என்று சொல்கிறது. இரண்டையும் ஒரே பக்கத்தில் சேர்த்துப் போட்டால், கூகுள் உள்ளே வர முடியாததால் நோஇண்டெக்ஸ் குறிப்பைப் பார்க்கவே பார்க்காது. மறைக்க நினைத்த பக்கத்தின் முகவரி தேடலில் தென்படுவதற்கு இதுவே காரணமாகிவிடலாம்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய சிக்கல்கள்

ஆங்கிலத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் சொல்லாத, ஆனால் தமிழ்த் தளங்களைப் பெரிதும் முடக்கும் சில சிக்கல்கள் உள்ளன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் அவற்றில் முதன்மையானவை. பாமினியில் தட்டச்சு செய்த ‘அம்மா’ என்ற சொல் நம் கண்ணுக்கு அம்மாவாகத் தெரிந்தாலும், கணினிக்கு அது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள் மட்டுமே. இன்று எல்லாக் கருவிகளும் ஏற்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் தேடுபவருக்கு அந்தப் பக்கம் ஒருபோதும் கிடைக்காது. அச்சகத்தில் தயாரித்த விலைப்பட்டியலைப் பிடிஎஃப் கோப்பாக அப்படியே ஏற்றும்போது இதே பிழை நேர்கிறது. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் தமிழாகவே வந்தால் நல்லது. குழம்பிய குறிகளாக வந்தால், யூனிகோடுக்கு மாற்றி, பிடிஎஃப் கோப்பாக அல்லாமல் சாதாரணப் பக்கமாகவே வெளியிடுங்கள். சுவரொட்டி போல வடிவமைத்த படத்துக்குள் விலையையும் விவரத்தையும் எழுதிப் போடுவதும் ஏறத்தாழ இதே நிலைதான். படத்துக்குள் இருக்கும் எழுத்தை நம்பாமல், அதே செய்தியைப் படத்துக்குக் கீழே எழுத்தாகவும் தாருங்கள். படத்தைப் பார்க்க முடியாதவருக்கும் தேடுபொறிக்கும் அதை விளக்கும் மாற்று உரையில், ‘சிவப்பு, பச்சைப் பட்டைகள் கொண்ட பருத்தி ஜமக்காளம்’ என்பது போல, படத்தில் இருப்பதைச் சொல்லும் ஒரு சொற்றொடர் போதும்.

இரண்டாவது, பக்க முகவரி. முகவரியில் தமிழ்ச் சொல்லை வைத்தால் கூகுள் ஏற்றுக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறியும் யூடிஎஃப்-8 என்ற யூனிகோடு சேமிப்பு முறையில் மூன்று பைட்டுகளாகவும், முகவரியை நகலெடுக்கும்போது ஒன்பது குறிகளாகவும் விரியும். புள்ளியும் துணைக்காலும் தனித்தனியாக எண்ணப்படுவதால், ‘ஜமக்காளம்’ என்ற ஒற்றைச் சொல் 81 குறிகள் நீளமுள்ள சதவீதக் குறி வரிசையாக மாறி வாட்ஸ்அப்பில் போய் நிற்கும். அதைப் பார்ப்பவர் ஏதோ மோசடி இணைப்பு என்று அஞ்சித் தொடாமல் விட்டாலும் வியப்பில்லை. செய்தித் தளங்கள் எப்படி வைத்தாலும் சரி, வாட்ஸ்அப் வழியே விற்கும் கடைகள் முகவரியை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைப்பதே நல்லது என்பது என் கருத்து. ஏற்கெனவே அட்டவணையில் ஏறிய பழைய முகவரியை மாற்றுவதாக இருந்தால், பழையதிலிருந்து புதியதற்கு 301 என்ற நிரந்தரத் திசைதிருப்பலை அமைக்காமல் மாற்றாதீர்கள்.

மூன்றாவது, மக்கள் தட்டச்சு செய்யும் விதம். ஒரே பொருளை ஜமக்காளம் என்றும் ஜமுக்காளம் என்றும் சமுக்காளம் என்றும் தேடுகிறார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதித் தேடுபவர்களும், செல்பேசியிடம் வாயால் கேட்பவர்களும் உண்டு. இந்த வடிவங்களுக்கெல்லாம் தனித்தனிப் பக்கங்கள் போட வேண்டியதில்லை. ஒரே பக்கத்தின் உரையில் இயல்பாக வரும் இடத்தில் ஓரிரு வடிவங்கள் இடம்பெற்றால் போதும். எழுத்துப் பிழைகளையும் மாற்று வடிவங்களையும் இணைத்துப் புரிந்துகொள்வதில் கூகுள் நன்றாகவே தேறியிருக்கிறது. எல்லா வடிவங்களையும் பக்கத்தின் அடியில் வரிசையாகக் கொட்டி வைப்பது வாசகரை விரட்டும், தேடலுக்கும் உதவாது. தேடல் சொற்களைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்ட்ஸ் பெட்டியை நிரப்பித் தருவதற்குக் கட்டணம் கேட்பவர்களிடம் ஒன்றைச் சொல்லலாம்: தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது.

பக்கத்தில் எழுத வேண்டியது

வேலையின் பெரும்பகுதி இதுதான். ஒரு பொருளின் பக்கத்தில் வழக்கமாகக் காணப்படும் வாசகம் இப்படி இருக்கும்: “எங்களிடம் தரமான பவானி ஜமக்காளங்கள் மலிவான விலையில் கிடைக்கும், இன்றே அணுகவும்.” இதைப் படித்தவருக்கு எதுவும் தெரியவில்லை. கடைக்கு நேரில் வரும் வாடிக்கையாளர் என்னவெல்லாம் கேட்பார் என்று நினைத்துப் பாருங்கள். எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம்? பருத்தியா, செயற்கைப் பட்டா? கைத்தறியா, விசைத்தறியா? எத்தனை பேர் உட்காரலாம்? துவைத்தால் சாயம் போகுமா? மண்டபத்துக்கு மொத்தமாக எடுத்தால் விலை குறையுமா? வெளியூருக்குக் கூரியர் செலவு எவ்வளவு, வந்து சேர எத்தனை நாள்? இந்தக் கேள்விகளுக்கான விடைகளே அந்தப் பக்கத்தின் உள்ளடக்கம். தொலைபேசியிலும் வாட்ஸ்அப்பிலும் வரும் கேள்விகளை ஒரு மாதம் குறித்துவைத்தால், எந்தக் கருவியும் தராத தேடல் சொற்பட்டியல் உங்களிடமே சேர்ந்துவிடும்.

தலைப்பை ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால், ஆங்கிலத் தலைப்பைக் காட்டிலும் குறைவான எழுத்துகளிலேயே தேடல் முடிவில் இடம் தீர்ந்துவிடும். ஆகவே கடையின் பெயரை முன்னால் போட்டு, பொருளைப் பின்னால் தள்ளாதீர்கள். ‘6 அடி பருத்தி பவானி ஜமக்காளம், கைத்தறி’ என்று தொடங்கிக் கடையின் பெயரை இறுதியில் வைப்பது பயன் தரும். பக்கத்தின் சுருக்கத்தைச் சொல்லும் மெட்டா விளக்கம் தரவரிசையை உயர்த்தாது. ஆனால் தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே அது தோன்றக்கூடும் என்பதால், படிப்பவரை உள்ளே வரச்செய்யும் ஒரு வரியாக அதை எழுதலாம். விலையையும் இருப்பையும் பொருள்களுக்குரிய ஸ்கீமா குறியீட்டில் (தேடுபொறிக்குப் புரியும்படி தகவலைக் குறிக்கும் முறை) தந்தால், அவை தேடல் முடிவிலேயே தெரிய வாய்ப்புண்டு. கேள்வி-பதில் ஸ்கீமாவுக்காகத் தனியே செலவழிக்க வேண்டாம். 2023 ஆகஸ்ட் மாதத்தில் கூகுள், தேடல் முடிவிலேயே கேள்வி-பதில்களைக் காட்டும் சிறப்புத் தோற்றத்தைப் பெயர்பெற்ற அரசுத் தளங்களுக்கும் நலவாழ்வுத் தளங்களுக்கும் மட்டுமே உரியதாகச் சுருக்கிவிட்டது.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நூற்றுக்கணக்கான கட்டுரைகளை ஒரே வாரத்தில் ஏற்றிவிடலாம் என்ற ஆசை இப்போது பலருக்கு இருக்கிறது. எழுத உதவிய கருவி எது என்பதைக் கூகுள் குற்றமாகப் பார்ப்பதில்லை. ஆனால் வாசகருக்குப் பயனில்லாத பக்கங்களைத் தரவரிசைக்காக மொத்தமாகப் பெருக்குவதை 2024 மார்ச்சில் வெளியிட்ட விதிகளில் வெளிப்படையாகத் தடைசெய்தது. பிறர் பக்கங்களை எடுத்து எந்திரத்தால் தமிழில் மொழிபெயர்த்துக் குவிப்பதும் அதில் அடங்கும். பத்துப் பொருள்கள் விற்கும் கடைக்குப் பத்து நல்ல பக்கங்களும், பராமரிப்பு முறையைப் பற்றி ஓரிரு கட்டுரைகளும் தாராளம்.

வேகம்

கூகுள் உங்கள் தளத்தைச் செல்பேசி வடிவத்தில்தான் படிக்கிறது. எனவே கணினித் திரையில் மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். முக்கியப் படமோ பத்தியோ 2.5 வினாடிக்குள் தோன்ற வேண்டும், தொட்டதற்கு 200 மில்லி வினாடிக்குள் பக்கம் பதிலளிக்க வேண்டும் என்பவை கூகுள் வகுத்துள்ள அளவுகளில் இரண்டு. பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவி இவற்றைக் காட்டும். சிறு கடைகளின் தளம் மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் செல்பேசியில் எடுத்த படங்களைச் சுருக்காமல் அப்படியே ஏற்றியதே காரணம். படங்களை, கோப்பின் அளவைக் குறைக்கும் வெப்பி (WebP) வடிவத்துக்கு மாற்றி, நீள அகலத்தைக் குறிப்பிட்டுப் போடுங்கள். நான்கைந்து தமிழ் எழுத்துருக்களைத் தளத்தில் ஏற்றுவதைத் தவிர்த்து ஒன்றோடு நிறுத்துங்கள்.

ஊர்த் தேடலும் இணைப்புகளும்

கடைக்கு ஓர் இருப்பிடம் இருந்தால், கூகுள் பிசினஸ் புரொஃபைலைச் சரியாக அமைப்பது தளத்தைவிடவும் விரைவாகப் பலன் தரக்கூடும். தேடியதோடு எவ்வளவு பொருந்துகிறது, எவ்வளவு தொலைவில் இருக்கிறது, எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றைக் கொண்டு உள்ளூர் முடிவுகளை வரிசைப்படுத்துவதாகக் கூகுள் சொல்கிறது. தொலைவை நம்மால் மாற்ற முடியாது. முதன்மை வகைப்பாட்டைச் சரியாகத் தேர்ந்தெடுப்பதும், பண்டிகை நாள்களிலும் திறந்திருக்கும் நேரத்தைத் திருத்திவைப்பதும், நாமே எடுத்த படங்களைச் சேர்ப்பதும் நம் கையில் உள்ளவை. பெயர்ப்பலகையில் இல்லாத ‘மலிவு விலை’, ‘நம்பர் 1’ போன்ற சொற்களைக் கடைப் பெயரோடு ஒட்டினால் புரொஃபைல் முடக்கப்படலாம். வாடிக்கையாளரிடம் கருத்து எழுதும்படி கேட்கலாம், ஆனால் அதற்குத் தள்ளுபடியோ பரிசோ தருவது விதிமீறல். குறை சொல்லி எழுதியவருக்குப் பொறுமையாக, என்ன சரிசெய்தோம் என்று பதில் எழுதுங்கள். அதை அடுத்து வரும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் படிப்பார்.

பிற தளங்கள் நமக்குத் தரும் இணைப்புகளை எடைபோடும் முறை, கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-இல் முன்வைத்த பேஜ்ரேங்க் காலத்திலிருந்தே கூகுளின் அடித்தளத்தில் இருக்கிறது. அதனாலேயே இணைப்பு விற்பனை ஒரு தொழிலாக வளர்ந்தது, அதை அடக்க 2012-இல் கூகுளின் தேடல் முறையில் பெங்குவின் என்ற மாற்றமும் வந்தது. சில ஆயிரம் ரூபாய்க்கு ஐந்நூறு இணைப்புகள் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். உங்களிடம் மொத்தமாக வாங்கும் கடைகள், நீங்கள் பங்கேற்ற கண்காட்சிகள், உங்கள் தறியைப் பற்றி எழுதிய உள்ளூர் இதழ்கள் ஆகியவற்றின் தளங்களில் உங்கள் பெயரோடு இணைப்பும் தரும்படி கேட்பதே நேர்மையான வழி. முதலிடத்தை யாராலும் உறுதியளிக்க முடியாது என்று கூகுளே எழுதிவைத்திருக்கிறது. அப்படி உறுதியளிக்கும் முகவரிடம் பேச்சைத் தொடர வேண்டிய அவசியமில்லை.

விளம்பரமும் கணக்கும்

கூகுளில் விளம்பரம் செய்தால் இயல்பான தேடல் வரிசையிலும் முன்னேறலாம் என்பது தவறான நம்பிக்கை, இரண்டுக்கும் தொடர்பில்லை. விளம்பரம் தொடங்குவோர் இரண்டு அமைப்புகளைக் கட்டாயம் பார்க்க வேண்டும். இடத் தேர்வில், அவ்விடத்தில் இருப்பவர்களோடு அவ்விடத்தில் ஆர்வம் காட்டுபவர்களையும் சேர்ப்பதே இயல்புநிலையாக இருக்கும். உள்ளூரில் மட்டும் விற்பவர் அதை மாற்ற வேண்டும். அடுத்து, ‘நெய்வது எப்படி’, ‘வேலைவாய்ப்பு’, ‘இலவசம்’ போன்ற, வாங்கும் எண்ணமில்லாத சொற்களை விலக்குச் சொற்களாகச் சேர்க்க வேண்டும். எந்தத் தேடலுக்குப் பணம் போனது என்ற அறிக்கையை வாரம் ஒருமுறை பார்த்தால் அந்தப் பட்டியல் தானாக வளரும். வாட்ஸ்அப்பிலிருந்து வருவோர், தள வருகையைக் கணக்கிடும் கூகுள் அனலிட்டிக்ஸில் பெரும்பாலும் ‘நேரடி’ என்ற கணக்கில் கலந்துவிடுவதால், குழுக்களில் பகிரும் இணைப்புகளில் வருகை எங்கிருந்து வந்தது என்று காட்டும் யூடிஎம் குறிகளைச் சேர்த்தால்தான் எந்தப் பகிர்வு விற்பனையைத் தந்தது என்பது பிரிந்து தெரியும்.

சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில், எட்டாவது முதல் இருபதாவது இடம் வரை நிற்கும், ஆனால் பலருக்குக் காட்டப்படும் தேடல்களை மாதந்தோறும் வடிகட்டிப் பாருங்கள். அந்தக் கேள்விக்கு உங்கள் பக்கத்தில் தெளிவான விடை இருக்கிறதா என்று சோதித்து, இல்லையெனில் ஒரு பத்தி சேருங்கள். புதிதாக ஒரு கட்டுரை எழுதுவதைவிட இது பெரும்பாலும் அதிகம் பலிக்கும். மாற்றங்களின் விளைவு சில வேளை சில மணி நேரத்திலும் சில வேளை பல மாதங்கள் கழித்தும் தெரியும் என்பதால், ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சில வாரங்களாவது விடுங்கள். ஒப்பிடும்போது தை மாதத்தை மார்கழியோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் தை மாதத்தோடு ஒப்பிட வேண்டும். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் ஜமக்காளத் தேடல் குறைவது தளத்தின் குறையாகாது; அந்தச் சரிவைக் கண்டு பக்கங்களை மாற்றி எழுத வேண்டாம். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவை மட்டுமே வைத்திருக்கிறது. அதற்கு முந்தையதும் தேவைப்படும் என்று கருதுவோர், ஒவ்வொரு மாத முடிவிலும் அறிக்கையைத் தரவிறக்கித் தனியே சேமித்து வையுங்கள்.