பினாங்கு மலைப் பாதைகள்: முதலில் நடந்து பாருங்கள், அப்புறம் சைக்கிள்

பினாங்குத் தீவில் மலை என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது இரண்டுதான். ஒன்று கொடிமலை (பினாங்கு ஹில்) ரயில், இன்னொன்று தைப்பூசத்துக்கு ஏறும் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகள். ஆனால் கிழக்கே ஜார்ஜ்டவுனையும் மேற்கே பாலிக் பூலாவையும் பிரித்துக்கொண்டு தீவின் நடுவில் நிற்கும் மலைத்தொடரில், 833 மீட்டர் உயர உச்சியைச் சுற்றி, எத்தனையோ பாதைகள் ஓடுகின்றன. டுரியான் தோட்டத்துக்குப் போகும் ஒற்றை சிமெண்டுப் பாதை, காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கும் பழைய வண்டிப் பாதை, தண்ணீர்க் குழாயை ஒட்டிப் போகும் காலடித் தடம், எங்கே போகிறது என்றே தெரியாமல் காட்டுக்குள் மறையும் தடம் என்று எல்லாமே உண்டு. சைக்கிளை எடுத்துக்கொண்டு இவற்றில் இறங்க ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றே ஒன்று. தெரியாத பாதையை முதல் தடவை காலால் நடந்து பாருங்கள், சைக்கிள் அடுத்த வாரம் வரட்டும்.

காரணம் இந்தச் சிமெண்டுப் பாதைகளிலேயே இருக்கிறது. இவை தோட்டக்காரர் கூடை நிறைய டுரியானோடு கப்சாய் என்னும் சின்ன மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்கப் போட்டவை. அகலம் ஒரு மோட்டாருக்குத்தான் கணக்கு, சரிவு மோட்டார் எஞ்சினுக்குத்தான் கணக்கு. மர நிழலில் இருக்கும் வளைவுகளில் பச்சைப் பாசி படிந்திருக்கும், மழை பெய்து இரண்டு நாள் ஆனாலும் காயாது. நம் தீவின் மலை கருங்கல் மலை. அந்தக் கல் உதிர்ந்து உதிர்ந்து பருமணலாகி சிமெண்டின் மேல் பரவிக் கிடக்கும். வேகமாக இறங்கி வரும் டயருக்கு அது கோலிக்குண்டு கொட்டிய தரை மாதிரி. மேலே ஏறும்போது இது எதுவும் பெரிதாகத் தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும். அதனால் நடந்து போய்த் திரும்பும்போது, ஒவ்வொரு வளைவிலும் நின்று, சைக்கிளில் வந்தால் எங்கே பிரேக் பிடிக்கத் தொடங்குவேன், நிற்காமல் போனால் எங்கே போய் விழுவேன் என்று பாருங்கள். ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் பள்ளம் என்றால் அந்த இடத்தைக் கைப்பேசி வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சிமெண்டு எங்கே முடிந்து செம்மண் தொடங்குகிறது, எங்கே கேட் இருக்கிறது, எங்கே நாய் இருக்கிறது, எந்த முகட்டில் சிக்னல் கிடைக்கிறது, இதெல்லாம் நடக்கும்போதுதான் கண்ணில் படும்.

வரைபடத்துக்கு, ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்பை அடிப்படையாகக் கொண்ட ஏதாவது ஒரு செயலியில் தீவு முழுவதையும் வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் இணையம் இருக்காது, அடர்ந்த மரங்களுக்கு அடியில் ஜிபிஎஸ் புள்ளியும் கொஞ்சம் தள்ளித்தான் காட்டும். உயரக்கோடுகளைப் படிக்கப் பழகுங்கள். ஒரு கிலோமீட்டரில் 100 மீட்டர் ஏறினால் 10 சதவீதம், உடம்பு பழகியவர்கள் மிதித்துவிடலாம். 200 மீட்டர் என்றால் பெரும்பாலோர் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். பயணத் தடங்களைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் யாரோ போன தடம் இருக்கிறது என்பதற்காக அது இன்றைக்கும் திறந்திருக்கும் என்று நம்ப வேண்டாம். 2017 நவம்பர் பெருமழையில் கொடிமலையில் பல இடங்களில் மண் சரிந்தது. ஒரு பருவ மழையே ஒரு தடத்தை அழித்துவிடப் போதும்.

எங்கிருந்து தொடங்குவது? தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து கொடிமலை உச்சிக்குப் போகும் ஜீப் பாதைதான் என் தேர்வு. ஏறக்குறைய 5 கிலோமீட்டர், 700 மீட்டருக்கு நெருக்கமான ஏற்றம். சராசரி பார்த்தாலே 13, 14 சதவீதம் வருகிறது, சில வளைவுகள் அதைவிட மோசம். முழுக்கத் தார், சிமெண்டு என்பதால் வழி தவறாது, காலையில் நடப்பவர்களின் துணையும் இருக்கும். முதலில் நடந்து ஏறுங்கள். மேலே அருளொளி திருமுருகன் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு, முட்டி வலித்தால் ரயிலில் இறங்கலாம். இந்தப் பாதையில் வண்டிகள் வரும், வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாது, நடப்பவர்களில் வயதானவர்கள் அதிகம். சைக்கிளில் இறங்குகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. சைக்கிளுக்கான நேரக் கட்டுப்பாடோ தடையோ அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தால் அப்படியே கேளுங்கள்.

இரண்டாவது, ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுப் பக்கம். கெக் லோக் சீ கோயிலைத் தாண்டி அணைக்கு ஏறும் வளைவுச் சாலையே நல்ல பயிற்சி. அணை 1962இல் கட்டியது. அதற்கு மேலே டைகர் ஹில் காய்கறித் தோட்டங்கள் வழியாகக் கொடிமலைக்கும், இன்னொரு பக்கம் மலையைக் கடந்து பாலிக் பூலாவுக்கும் பாதைகள் போகின்றன. சைக்கிள் ஓடும் சிமெண்டும், தூக்கிக்கொண்டு நடக்க வேண்டிய மண்ணும் மாறி மாறி வருவது இங்கேதான். கிளைகளும் அதிகம். ஒவ்வொரு பிரிவிலும் நின்று, வந்த பக்கம் திரும்பிப் பார்த்து ஒரு படம் எடுத்து வையுங்கள். திரும்பி வரும்போது அந்தப் பிரிவு வேறு மாதிரி தெரியும்.

தெலுக் பஹாங்கிலிருந்து தித்தி கெராவாங் வழியாக பாலிக் பூலாவ் போகும் தார்ச்சாலை, நீண்ட ஏற்றத்துக்குக் காலைப் பழக்கிக்கொள்ள நல்லது, அவ்வளவுதான். தெலுக் பஹாங்கில் உள்ள தேசியப் பூங்காவுக்குப் போனால் சைக்கிளை வெளியே பூட்டிவிடுங்கள். முக்கா ஹெட் கலங்கரை விளக்கம், கெராச்சுட் கடற்கரை எல்லாம் வேரும் பாறையுமாக இருக்கும் நடைப் பாதைகள், வாசலில் பதிவு செய்துவிட்டுத்தான் போக வேண்டும்.

நிலம் யாருடையது என்பதும் முக்கியம். வனத்துறையின் காப்புக் காடு என்றால் அனுமதி கேட்க வேண்டும், அணையைச் சுற்றி நீர்ப்பிடிப்பு நிலம், மீதிப் பெரும்பகுதி தனியார் தோட்டம். தோட்டத்துக்குள் நுழையும் இடத்தில் ஆளைப் பார்த்தால் இறங்கி நின்று, “அங்கிள், போலே லாலு?” (இந்த வழியாகப் போகலாமா?) என்று கேளுங்கள். பெரும்பாலும் கையை ஆட்டிப் போகச் சொல்வார்கள், கூடவே மேலே பாலம் உடைந்திருக்கிறது, அந்தப் பக்கம் போகாதே என்று எந்தச் செயலியிலும் இல்லாத தகவலும் கிடைக்கும். டுரியான் பருவத்தில், அதாவது ஜூன், ஜூலையை ஒட்டி, மரத்தடியில் வலை கட்டியிருப்பார்கள், காவலும் கடுமையாக இருக்கும். அந்த மாதங்களில் தோட்டப் பாதைகளை விட்டுவிடுவதே மரியாதை. கீழே விழுந்து கிடக்கும் பழம் அவர்களுடைய வருஷ வருமானம், தொடாதீர்கள். மரத்தடியில் உட்கார்ந்து ஓய்வெடுக்கவும் வேண்டாம். தோட்ட நாய்கள் குரைத்துக்கொண்டு ஓடி வந்தால் மிதித்துத் தப்பிக்கப் பார்க்காதீர்கள், வேகம்தான் அவற்றைத் துரத்த வைக்கிறது. இறங்கி, சைக்கிளை நாய்க்கும் உங்களுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, கண்ணை நேராகப் பார்க்காமல் மெதுவாக நடந்து போங்கள்.

சைக்கிள் விலையைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். எனக்கு முக்கியம் மூன்று விஷயங்கள். பின் சக்கரப் பல் முன் பல்லைவிடப் பெரிதாக வரும் அளவுக்குத் தாழ்ந்த கியர், ஈரத்திலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக், 2 அங்குலத்துக்கு மேல் அகலமான டயர். தார்ச்சாலைக்கு அடிக்கும் அழுத்தத்தில் மண்ணுக்குள் போகாதீர்கள், கொஞ்சம் காற்றை இறக்கினால்தான் டயர் தரையைப் பிடிக்கும். ரொம்ப இறக்கினால் கல்லில் இடித்து டியூப் இரண்டு இடத்தில் கிழியும்.

இறக்கத்தில் சீட்டைத் தாழ்த்தி, உடம்பைப் பின்னால் தள்ளி, முழங்கையை மடக்கி வையுங்கள். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வரக் கூடாது. வளைவுக்கு முன்னால் நேராக இருக்கும்போது நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட வேண்டும். கொடிமலை மாதிரி இறக்கத்தில் பிரேக் சூடாகும், கருகிய வாசனை வரும், பிரேக் பிடி வழக்கத்தைவிட உள்ளே போகும். அப்போது உடனே நின்று பத்து நிமிஷம் ஆற விடுங்கள், இரும்புத் தட்டைக் கையால் தொட்டுப் பார்க்காதீர்கள், சுட்டுவிடும். பாசி தெரிந்தால் முன் பிரேக்கை விட்டுவிட்டு நேராக உருட்டிக் கடந்து போங்கள், இல்லையென்றால் இறங்கி நடந்துவிடுங்கள்.

தள்ளுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. சரிவில் குறுக்காகப் போகும் தடத்தில், நீங்கள் மேட்டுப் பக்கம் நின்று சைக்கிளைப் பள்ளப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். கால் வழுக்கினால் சைக்கிளை விட்டுவிடலாம், உங்கள் மேல் விழாது. செங்குத்தான ஏற்றத்தில் சைக்கிளை முன்னால் இரண்டடி தள்ளி, இரண்டு பிரேக்கையும் பிடித்து, அதையே பிடிமானமாக வைத்துக் கால் எடுத்து ஏறுங்கள், பிறகு மறுபடி தள்ளுங்கள். விழுந்து கிடக்கும் மரத்தைத் தாண்ட இருவர் இருந்தால் ஒருவர் மறுபக்கம் போய் வாங்கிக்கொள்வதுதான் சுலபம். தனியாகத் தூக்கினால் சங்கிலிப் பக்கம் உடம்பை ஒட்டாமல் வெளிப்பக்கம் இருக்கட்டும்.

காலுக்கு, ரப்பர் மரம் சீவுகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் ஷூ, நம்ம ஊரில் ‘அடிடாஸ் கம்போங்’ என்று சொல்வோமே, அதைத்தான் களிமண்ணில் நடக்க நான் சிபாரிசு செய்வேன். விலை கொஞ்சம்தான், தண்ணீரை உறிஞ்சாது, அடியில் உள்ள குமிழ்கள் சேற்றை நன்றாகப் பிடிக்கும். தடித்த காலுறை போட்டு அளவு பாருங்கள். ஆனால் அடிப்பாகம் மென்மை என்பதால் நாள் முழுக்கக் கல்லில் நடக்க ஆகாது, சைக்கிள் மிதிக்கவும் சரிவராது.

காட்டுக்குள் உண்மையில் தொந்தரவு கொடுப்பது பிரம்பு முள். மெல்லிய கொடி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும், அதில் வரிசையாகக் கொக்கிகள், எல்லாம் பின்னோக்கி வளைந்தவை. சட்டையிலோ காதிலோ மாட்டியதும் எல்லோரும் செய்வது முன்னால் இழுப்பது. இழுக்க இழுக்க உள்ளே ஏறும். அசையாமல் நின்று, ஓரடி பின்னால் போனால் கொக்கி தானாகவே தளரும், அப்புறம் ஒவ்வொன்றாகக் கையால் எடுக்கலாம். சைக்கிளில் வேகமாக வரும்போது முகத்தில் மாட்டினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள், அதனால் கண்ணாடி கட்டாயம். அட்டைக்கு நீளக் காலுறையில் பேண்டைச் செருகிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது, கடித்தால் நகத்தால் வாய்ப்பக்கம் தள்ளி எடுத்துவிடுங்கள். கையை வைக்கும் முன் கிளையைப் பாருங்கள், பச்சை விரியன்கள் அசையாமல் கிடக்கும். பூங்கா வாசல் குரங்குகளிடம் பிளாஸ்டிக் பையைக் காட்டாதீர்கள், சாப்பாடு எப்போதும் முதுகுப் பைக்குள்ளே இருக்கட்டும்.

நேரக் கணக்கு: காட்டுத் தடத்தில் மணிக்கு 2 கிலோமீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனால் அதைவிடக் குறைவு. கோப்பிக்கடையில் ரொட்டி சானாய் பசியாறிவிட்டுச் சாவகாசமாகப் போகும் பயணம் இல்லை இது. வெளிச்சம் வந்ததும் கிளம்பிவிடுங்கள், சாப்பாட்டை நாசி லெமாக்காகத் தாப்பாவ் (பொட்டலம்) செய்துகொள்ளலாம். மதியத்துக்கு மேல் இடிமழை பிடிக்கும். அதிலும் செப்டம்பர் முதல் நவம்பர் வரை மழை பலமாக இருக்கும், ஜனவரி, பிப்ரவரி காய்ந்த மாதங்கள். ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் குச்சியும் அடித்து வந்தால் மேலே மழை பெய்கிறது என்று பொருள், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்தாலும் உடனே கரையேறுங்கள். மாதத்தைப் பொறுத்து மாலை 7 மணியிலிருந்து ஏழே முக்காலுக்குள்தான் சூரியன் மறையும், ஆனால் மரத்தடியில் ஆறரைக்கே கண் தெரியாது. எவ்வளவு தூரம் பாக்கி இருந்தாலும் மதியம் 12 மணிக்குத் திரும்புவது என்று கிளம்பும்போதே முடிவு செய்து, அதை வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள். தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர், ஓரிரு உப்புக்கரைசல் பொட்டலம், நெற்றி விளக்கு, விசில், பவர் பேங்க். தனியாகப் போக வேண்டாம், மூன்று பேர் இருந்தால் ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருக்க, இன்னொருவர் சிக்னல் இருக்கும் முகட்டுக்குப் போய் 999 அடிக்கலாம். நிற்கும் இடத்தின் ஆயத்தொலைவை (ஜிபிஎஸ் எண்களை) படித்துச் சொல்ல முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள், டுரியான் தோட்டத்துக்குப் பக்கத்தில் என்று சொன்னால் போம்பாக்காரர்கள் (தீயணைப்பு மீட்புப் படையினர்) எந்த மலையில் தேடுவார்கள்?

பழுதுக்கு ஒரு டியூப், பேட்ச், பம்ப், சங்கிலி இணைப்பு, பின் கியர் தொங்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு ஒன்று கூடுதலாக. பிந்தியதைப் பலர் எடுத்துப்போவதில்லை, சைக்கிள் பக்கவாட்டில் விழுந்தால் முதலில் வளைவது அதுதான். மாடலுக்கு மாடல் மாறும் என்பதால் கடையில் உங்கள் சைக்கிளைக் காட்டியே வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பிரேக் கட்டையைப் பாருங்கள். மழையில் அந்தக் கருங்கல் மணலோடு ஒரு நாள் இறங்கினாலே பாதி தேய்ந்துபோயிருக்கும். உலோகத் தகடு தெரிகிற அளவுக்கு வந்துவிட்டால் அடுத்த பயணத்துக்கு முன் மாற்றுங்கள். அன்றைக்குக் குறித்த இடங்களுக்கு, ஞாபகம் இருக்கும்போதே, பாசி, கேட், நாய், சிக்னல் என்று பெயர் போட்டுவிட்டு, கூட வந்தவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.